துஷ்டி வீட்டுப் பூ

சிறுவீட்டை ஒழித்தது நீங்கள்தான். செல்போன் ஒழிக்கவில்லை. டிவியோ இங்கிலீஷ் மீடியமோ ஒழிக்கவில்லை. நம் வளவில் பிறந்து வளர்ந்து, இன்றைக்கு அறுபதைத் தாண்டி உட்கார்ந்துகொண்டு, அந்தக் காலம் போச்சே என்று வாட்ஸ்அப்பில் அழுகிற நீங்கள்தான் ஒழித்தீர்கள். உங்களோடு சேர்ந்து நானும்.

பொங்கல் முடிந்ததும் பங்காளிகள் எல்லோரும் ஊரில் கூடுகிறோம். அதற்கு ஒரு மலர் போடுகிறீர்கள். 'சிறுவயது மரபுகளைக் காப்போம், பேரப்பிள்ளைகளிடம் சேர்ப்போம்' என்று தலைப்பும் கொடுத்து, இரண்டு பக்கம் எழுதச் சொல்லி என்னிடம் கேட்டீர்கள். பெரியப்பா மகன்தான் போன் பண்ணினார். நாம் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். பாங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வளவு விஷயம் எல்லாம் அவர் சொல்படிதான்.

"ஏட்டி, நீ ஒருத்திதான் சங்கரங்கோயில விட்டுப் போகாம இங்கனயே கெடக்க. ஒனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும். படிக்கறவனுக்குக் கண்ணுல தண்ணி வரணும். அப்படி எழுது" என்றார்.

எழுதுகிறேன். தண்ணீர் வருமா என்று தெரியாது. நான் முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள். எனக்கு அலங்காரமாக எழுத வராது.

வெளியூரில் வளர்ந்த மருமக்களும் பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வளவு என்றால் ஒரே தலைவாசல். உள்ளே நடுவில் ஒரு முற்றம். அதைச் சுற்றி ஆறு வீடு. ஆறும் பங்காளி வீடுகள். முற்றம் ஆறு வீட்டுக்கும் பொது.

மார்கழி பிறந்தால் விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போடுவார்கள். வயதுக்கு வராத பெண்பிள்ளைகள் அந்தக் கோலத்தின் நடுவில் சாணி உருண்டை வைத்து, அதில் பூசணிப்பூவைச் செருக வேண்டும். வெயில் ஏறியதும் பூவோடு சேர்த்து அந்தச் சாணியை எருவாட்டியாகத் தட்டிக் காயவைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்று. மாதம் முழுக்கச் சேர்த்து வைக்க வேண்டும். தை பிறந்து பெரிய பொங்கல் முடிந்த பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து, முற்றத்தில் களிமண்ணைக் குழைத்து, சாண் உயரத்துக்குச் சுவர் வைத்து ஒரு வீடு கட்ட வேண்டும். அதுதான் சிறுவீடு. பட்டாசாலை என்கிற முன்கூடம், அடுப்படி, ஒரு வாசல், எல்லாம் இருக்கும். அந்த அடுப்படியில் சின்னப் பானையில் பிள்ளைகளே பொங்கல் வைப்பார்கள். சாயங்காலம் எருவாட்டியை எல்லாம் பெட்டியில் எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய், ஒவ்வொன்றின் மேலும் சூடம் கொளுத்தித் தண்ணீரில் விடுவார்கள். நம் ஊருக்கு ஆறு கிடையாது. குளம்தான். குளத்திலும் பாதி வருஷம் தண்ணீர் கிடையாது.

ரொம்ப அழகாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். குளிரில் சாணி அள்ளினால் விரல் விறைத்துப்போகும். பூசணித் தண்டில் இருக்கிற சுனைமுடி முழங்கை வரைக்கும் அரிக்கும். நகத்துக்குள் போன சாணி நாற்றம் பள்ளிக்கூடத்திலும் வரும். பக்கத்தில் உட்காருகிற பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காருவாள். பின்பக்கத் தறிக்கூடத்தில் தறி ஓட ஆரம்பித்தால் தரை அதிரும். காய்ந்தும் காயாத எருவாட்டி அந்த அதிர்வில் விரிசல் விடும் என்று அக்கா சொல்லுவாள். பெரியப்பா மகளைத்தான் அக்கா என்கிறேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. நான் தட்டுகிற எருவாட்டிதான் எப்போதும் விரியும். "தறி மேல பழியப் போடாத, ஒங் கையி அப்படி" என்று அதற்கும் அவளே ஏசுவாள்.

ஆனால் ஒன்று இருந்தது. அதை நீங்கள் யாருமே குரூப்பில் எழுதவில்லை. சிறுவீட்டுக்குள் பெரியவர்கள் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. என் அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அந்தச் சாண் உயரச் சுவருக்கு வெளியே நின்று, "தாயி, உள்ள வரலாமா?" என்று கேட்பார். நாங்கள் பிகு பண்ணுவோம். "வேல கெடக்கு, பொறவு வாங்க" என்போம். அவர் நிற்பார். நான் கல்யாணமாகி மூன்று வீட்டில் குடியிருந்துவிட்டேன். எந்த வீட்டிலும் என்னிடம் ஒருத்தர் உள்ளே வரலாமா என்று கேட்டதில்லை. அந்த ஒரு நாளைத்தான் நாம் நம் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டோம். கோலமும் பூசணிப்பூவும் போனதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன். எனக்கு ஒன்பது வயது. ஐப்பசியில் சித்தப்பா செத்துப்போனார். மஞ்சள் காமாலை. தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். சித்தியையும், என்னைவிட நான்கு மாதம் சின்னவளான மகளையும் விட்டுவிட்டுப் போனார். அவளைத் தங்கச்சி என்றே சொல்கிறேன்.

சாவு விழுந்த வீட்டைத் துஷ்டி வீடு என்போம். பங்காளிக்குத் துஷ்டி என்றால் அடுத்து வருகிற பொங்கல் ஆறு வீட்டுக்கும் கிடையாது. கரும்பு வாங்கக் கூடாது. கோலத்தில் பூ வைக்கக் கூடாது. அதுதான் வழக்கம். நியாயமான வழக்கம்தான். ஒரு வீட்டில் இழவு என்றால் ஆறு வீடும் ஒரு வருஷம் சும்மா இருக்கும்.

மார்கழிக்கு இரண்டு நாள் முன்னால் முற்றத்தில் பெரியப்பாவும் அப்பாவும் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து பேசினார்கள். பெரியப்பா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"பெரிய பொங்கல் வேண்டாம். ஆனா சிறுவீடு பொட்டப்பிள்ளைய வெளையாட்டுதான? அதுக்கு என்ன துஷ்டி? நம்ம வீடுகள்ல பிள்ளைய செஞ்சுக்கிடட்டும். துஷ்டி வீட்ல மட்டும் வேண்டாம்."

அப்பா, "ஒண்ணுபோல நிப்பாட்டிருவமே அண்ணாச்சி" என்றார்.

"மூத்தவளுக்குப் பதிமூணு ஆச்சு. அடுத்த மார்கழிக்குள்ள பெரிய மனுஷி ஆயிட்டான்னா அவளுக்கு இது கெடைக்குமாடே?"

அப்பா தன் அண்ணன் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லிப் பழக்கமில்லாதவர். வழக்கம் அக்காவுக்காக வளைந்தது. அதே வழக்கம் தங்கச்சிக்காக வளையவில்லை. அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைக்கு வளைந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு அந்த வளவில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஒன்பது வயது என்று சாக்குச் சொல்ல மாட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை. ஆறு வீட்டில் பூசணிக்கொடி இருந்தது சித்தி வீட்டில் மட்டும்தான். அவர்கள் தொழுவத்துக் கூரை மேல் படர்ந்து கிடந்தது. மார்கழி முதல் தேதி விடியற்காலையில் தங்கச்சி இரண்டு பூ பறித்துக்கொண்டு வந்தாள். ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. மறுநாளும் வந்தாள். மாதம் முழுக்க வந்தாள். பனியில் நனைந்த பாவாடையோடு வந்து கொடுத்துவிட்டு, நாங்கள் சாணியில் பூவைச் செருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஏட்டி, அங்கன என்னத்த வேடிக்க பாக்குத? தள்ளி நில்லு, நெழல் விழுது" என்பாள் அக்கா. சூரியனே வந்திருக்காது.

எருவாட்டிகளை எங்கள் தொழுவத்துப் பரணில் ஒரு கடகப்பெட்டியில் போட்டு வைத்தோம். தங்கச்சிக்கு அந்தப் பரண் தெரியும். எங்களோடு சேர்ந்து ஏறி விளையாடிய இடம்.

சிறுவீடு கட்டின நாள் காலையில் பெட்டியை இறக்கி எண்ணி வைக்கும் வேலை எனக்கு. அக்கா தட்டியது, நான் தட்டியது, அவ்வளவுதான் இருக்க வேண்டும். கையை விட்டு எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. அடியில் இன்னொரு அடுக்கு. ஒன்றுகூட விரிசல் இல்லை. பூவின் இதழை ஐந்தாக விரித்து, நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தியிருந்தது. அப்படி அழுத்துகிறவள் வளவிலேயே ஒருத்திதான். முந்தின வருஷம் அவளைப் பார்த்து நானும் அப்படிச் செய்ய முயன்று தோற்றிருக்கிறேன்.

அவள் தினமும் மூன்று பூ பறித்திருக்கிறாள். மூன்றாவதை வீட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் தட்டி, காய வைத்து, எங்கள் பெட்டிக்கு அடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். தனக்கு வீடு கிடையாது, தன் எருவாட்டியாவது எங்களோடு குளத்துக்குப் போகட்டும் என்று நினைத்திருக்கிறாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு பெட்டியை மூடியிருக்க வேண்டும். நான் முற்றத்துக்கு ஓடினேன். சிறுவீடு கட்டி முடிந்து, அடுப்படியில் பால் பொங்கும் நேரம். ஆறு வீட்டு ஆட்களும் நிற்கிறார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"பெரியப்பா, பெட்டிக்குள்ள துஷ்டி வீட்டுப் பூ கெடக்கு!"

பொறாமைதான் காரணம். அவள் தட்டியது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அது எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. ஆனால் அந்த வார்த்தையை நான் எங்கே கற்றுக்கொண்டேன்? மாதம் முழுக்கப் பெரியவர்கள் வாயிலிருந்து கேட்டுத்தான். மரபைப் பிள்ளைகளிடம் சேர்க்க வேண்டும் என்கிறீர்களே, இப்படித்தான் சேர்ந்தது. சிறுவீடு வந்து சேரவில்லை. அந்த வார்த்தை சிந்தாமல் சிதறாமல் வந்து சேர்ந்துவிட்டது.

பெரியப்பா வந்து பெட்டியைப் பார்த்தார். "எது எது அவ தட்டுனது? பிரிச்சு எடுத்து வெளிய போடு" என்றார். நான் கட்டைவிரல் தடத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தேன். வேலையில் கெட்டிக்காரி என்று பேர் வாங்குகிற மாதிரி சுறுசுறுப்பாகப் பிரித்தேன். தங்கச்சி தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. ஒவ்வொன்றும் வெளியே விழ விழ உதட்டை அசைத்து எண்ணினாள்.

அப்போதுதான் சித்தி வெளியே வந்தாள். சித்தப்பா போன பிறகு அவள் முற்றத்தில் கால் வைத்தது அன்றைக்குத்தான். சேலையைத் தலைக்கு மேலே இழுத்துப் போட்டிருந்தாள். புருஷனுடைய அண்ணனை நம் பக்கம் அத்தான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அத்தான், ஒங்க மக வச்ச பூவும் எங்க வீட்டுப் பூதான். மாசம் பூராவும் எங்க கொடியில பறிச்ச பூதான். எதப் பிரிக்கிய? எத வச்சுக்கிடப் போறிய?" என்றாள். சத்தம் போடவில்லை. விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்.

கூட்டத்தில் யாரோ ஒரு ஆள் களுக்கென்று சிரித்துவிட்டார். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் முடித்தது. அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் பெரியப்பா "சரி, போய்த் தொலைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பார். அவர் அவ்வளவு கெட்டவர் இல்லை. ஆனால் அவரைப் பார்த்து ஒருத்தர் சிரிக்கக் கூடாது.

"அப்ப எல்லாந்தான் துஷ்டி. எதுவும் வேண்டாம்" என்றார். கேட்காமல் காலைத் தூக்கி உள்ளே வைத்தார். பட்டாசாலைச் சுவர் போனது. அடுப்படிச் சுவர் போனது. பால்பானை உருண்டது. பால் களிமண்ணோடு கலந்து செருப்பில்லாத அவர் காலில் ஒட்டியது. சூடு பட்டிருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. பெட்டியைத் தூக்கித் தலைவாசலுக்கு வெளியே குப்பையில் கவிழ்த்தார்.

அக்கா தரையில் விழுந்து அழுதாள். "எனக்கு இனி கெடைக்காதுப்பா, கெடைக்காதுப்பா" என்று. உருண்டது வெண்கலப் பானை. விளிம்பு நெளிந்து கிடந்தது. மூன்று தலைமுறையாகச் சிறுவீட்டுக்கு மட்டும் எடுக்கிற பானை. அதை அப்புறம் யார் எடுத்தார்கள், எங்கே போனது என்று தெரியவில்லை. இப்போது குரூப்பில் அந்தப் பானையைக் கேட்டு ஆளுக்கு ஆள் விசாரிக்கிறீர்கள். அன்றைக்கு அதைக் குனிந்து எடுக்க உங்களில் ஒருத்தருக்கும் இடுப்பு வளையவில்லை.

சித்தி மட்டும் குப்பைக்குப் போனாள். எருவாட்டிகளை ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, முந்தானையில் வாரிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். மகளுடையது, எங்களுடையது என்று பிரிக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் அதை வைத்துத்தான் சோறு பொங்கினாளாம். பல வருஷம் கழித்துத் தங்கச்சி என்னிடம் சொன்னாள். "நல்லா நின்னு எரிஞ்சுதுட்டி. பூவு எரியும்போது ஒரு மாதிரி வாசம். அம்மா அடுப்பு முன்னாலயே இருந்தா. எனக்கு ரெண்டு வாட்டி சோறு போட்டா" என்றாள்.

அடுத்த மார்கழியில் நான் சாணி எடுக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்ட்டி. அது விட்டுப்போச்சு. விட்டுப்போனதத் திரும்ப எடுத்தா குடும்பத்துக்கு ஆகாதுன்னு பெரியப்பா சொல்லிட்டாவ." அவ்வளவுதான். பருத்திப் பஞ்சு வெடித்துக் காற்றில் போகிற மாதிரித் தானாகப் போய்விட்டதாக ஒரு பேச்சு. வளவில் அதற்குப் பிறகு பிறந்த பெண்பிள்ளை ஒன்றுக்கும் சிறுவீடு இல்லை. என் மகளுக்கும் இல்லை. அவள் ஒரு வருஷம் கேட்டாள். நானும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். சென்னையில் இருக்கிற அக்கா மார்கழி பிறந்ததிலிருந்து குரூப்பில் பூசணிப்பூப் படமாக அனுப்புகிறாள். நெற்றிச்சுட்டி வைத்த பிள்ளைகள், சிரிக்கிற பசுமாடு, கம்ப்யூட்டர் வரைந்த படங்கள். ஒரு பிள்ளைக்கு ஆறு விரல். கூடவே வாய்ஸ் மெசேஜ். "நம்ம காலம் மாதிரி வருமா? இப்ப உள்ளதுகளுக்குப் போன நோண்டத் தவிர என்ன தெரியுது?" அழுகிறாள். உண்மையாகத்தான் அழுகிறாள். கீழே பதினேழு பேர் கும்பிடுகிற கை போட்டிருக்கிறீர்கள்.

நம் வளவில் இப்போது ஆள் குடியிருப்பது இரண்டு வீட்டில்தான். ஒன்று என் அப்பா வீடு, அதில் நான் இருக்கிறேன். இன்னொன்று சித்தி வீடு. அதில் தங்கச்சி இருக்கிறாள், அவள் மகள் இருக்கிறாள், ஏழு வயதில் பேத்தி இருக்கிறாள். மகள் பூ மார்க்கெட்டில் ஒரு கடையில் பில் போடுகிறாள். அந்தப் பேத்திப்பிள்ளை போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறது. எந்த ஊரோ, யாரோ ஒரு பெண் சிறுவீடு கட்டுகிற வீடியோ. நாம் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நீங்கள் ஏசுகிற அந்தப் போன்தான் சொல்லிக்கொடுத்தது.

மார்கழி முதல் தேதியிலிருந்து அவள் தன்னால் பூ வைக்கிறாள். பால்காரர் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையில் சாணி வாங்கி வருகிறாள். மூடிப்போன தறிக்கூடத்துச் சுவரில் யாரும் வைக்காத ஒரு பூசணிக்கொடி கிடக்கிறது. அதில் ஏறிப் பறிக்கிறாள். பூ இல்லாத நாளில் செம்பருத்தி. ஒரு நாள் பிளாஸ்டிக் ரோஜா. டிபன் மூடிக்குள் சாணியை அழுத்தி வட்டமாக எடுக்கிறாள். முதல் வாரம் நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பிறகு அவளே என் வாசலுக்கு வந்தாள்.

"பெரியாச்சி, இத ஒங்க சன்னல்ல வச்சுக்கிடட்டா? எங்க வீட்ல பூன மிதிச்சிருது."

வைத்துக்கொள் என்றேன். அன்றைக்கே ஒரு போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். தை பிறந்ததும் இவள் முற்றத்தில் சிறுவீடு கட்ட ஆறு வீட்டுக்காரர்களும் சம்மதம் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். போட்டோவுக்கு இதயம், கைதட்டல், தீ, எல்லாம் வந்தது. சம்மதத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. நான் அண்ணனுக்குப் போன் பண்ணினேன்.

"படம் பாத்தேன். பிரமாதம். அத மலர் அட்டையிலயே போட்டுருவோம்" என்றார்.

"அட்டையில போடுறது இருக்கட்டும் அண்ணே. கட்டலாமா, கூடாதா?"

"அது விட்டுப்போன சாங்கியம்லா. எடுக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காவ. எனக்கே இப்பதான் மகனுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகியிருக்கு. எதுக்குப் புலிய வால் புடிச்சு இழுக்கணும்?"

அவர் பயம் எனக்குப் புரிகிறது. அதைக் கேலி செய்ய மாட்டேன். அதற்கு மேல் சொன்னதுதான் தாங்கவில்லை.

"முத்தம் பூராவும் பேவர் பிளாக் கல்லு பதிக்க ஆள் சொல்லிருக்கேன். முத்தத்து நடுவுல சிமெண்டுல சின்னதா ஒரு சிறுவீடு மாடல். கல்வெட்டு வச்சு, கீழ லைட்டு போட்டு. பிள்ளைய அதுகிட்ட நிறுத்திப் போட்டோ எடுங்க. மரபும் ஆச்சு, முத்தமும் நாறாது."

போன வாரம் மேஸ்திரி வந்து கல் பதித்தார். அந்தப் பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்திலேயே நின்றாள். கடைசி மூலைக்கு வந்தபோது, "அண்ணே, இதுல மட்டும் கல்லு போடாதீங்க" என்று கேட்டாள். "ஓனர்ட்ட கேளு பாப்பா" என்றார் மேஸ்திரி. அவள் என்னிடம் வந்து ஓனர் யாரு என்று கேட்டாள். ஆறு வீட்டுக்கும் பொது என்றேன். "அப்ப எங்க வீடும் ஓனர்தான?" என்றாள். மூலையிலும் கல் விழுந்துவிட்டது.

தங்கச்சியாவது சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைத்தான் ஏசினாள்.

"விடுட்டி. எதுக்கு வம்பு? நாங்க இருக்கப் போறது சித்திர வரைக்கும். மகளுக்குத் திருப்பூர்ல வேல கெடச்சிருக்கு. வீட்டப் பூட்டிட்டுப் போகப் போறோம். ஒரு வருசத்துக்காகவா அண்ணன்ட்ட போய் நிக்க?"

"ஒரு வருசமாவது கெடைக்கட்டுமேட்டி."

"எனக்கு ஒரு வருசம் கெடைக்காம நான் என்ன செத்தா போனேன்?" என்றவள், அதோடு விடாமல், "வாயப் பொத்த வேண்டிய அன்னைக்குப் பொத்தல. இப்ப வந்துட்டா வாயத் தொறந்துகிட்டு" என்றாள்.

சொல்லட்டும். சொல்ல உரிமை இருக்கிற ஒரே ஆள் அவள்தான். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் ஓய்ந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"விட்டுப்போச்சு, விட்டுப்போச்சுங்கிறியளே, யாரு ஆச்சி விட்டா?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்லாமல் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இதை மலரில் போட மாட்டீர்கள் என்று தெரியும். குரூப்பில் போட்டால் பத்து நிமிஷத்தில் யாராவது ஒரு காலை வணக்கப் படத்தை அனுப்பி மேலே தள்ளிவிடுவீர்கள். இந்த வருஷமும் சிறுவீடு நடக்காது. கல்லைப் பெயர்க்க யாரும் வரமாட்டீர்கள். சித்திரையில் அந்த வீட்டுக்குப் பூட்டு விழும். பிறகு வளவில் பிள்ளைச் சத்தமே இருக்காது. கல்வெட்டு இருக்கும். லைட்டு எரியும். எனக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை.

ஆனால் அந்தப் பிள்ளை இன்றைக்குக் காலையிலும் பூ வைத்தாள். அவளுக்கு யாரும் இன்னும் கூடாது என்று நேராகச் சொல்லவில்லை. எல்லோரும் இதயம் போட்டிருக்கிறீர்கள். அவள் அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கூடுகை அன்றைக்கு மைக் இருக்கும். ஆறு வீட்டு ஆட்களும் இருப்பீர்கள். அந்தப் பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைப்பேன். முதலில் நான் எழுந்து, ஒன்பது வயதில் என் வாயால் என்ன கத்தினேன் என்பதைச் சொல்லுவேன். அதற்குப் பிறகு அண்ணே, நீங்கள் எழுந்திருக்க வேண்டும். அக்கா, நீயும் வர வேண்டும், வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதே. அன்றைக்கு உங்கள் அப்பா ஏன் காலைத் தூக்கி வைத்தார் என்று சொல்லுங்கள். அது சாங்கியமா, இல்லை ஒருத்தர் சிரித்ததற்கு வந்த கோபமா என்று சொல்லுங்கள். பிறகு கட்டலாம் என்று சொல்லுங்கள், கடப்பாரையை நானே கொண்டுவருகிறேன். கூடாது என்றால், ஏன் கூடாது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மைக்கைப் பிடித்து, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.